நேராகப் போவதற்கு ஒரு விளக்கு

அடுத்தவர் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவரைத் திட்டுவதுதான் என் தொழில். அதற்கு மாதச் சம்பளமும் தருகிறார்கள். துபாயில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம் ஊர்ப் பெண்கள். ஊரில் ஸ்கூட்டியில் பறந்தவர்கள், அப்பாவின் காரை மைதானத்தில் சுற்றியவர்கள், ஸ்டியரிங்கைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறவர்கள் என்று எல்லா ரகமும் உண்டு. முதல் வாரம் என்னைச் சபிப்பார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். எனக்கு இரண்டும் பழகிவிட்டது.

ஊரில் ஓட்டிப் பழகி வருகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாற்சந்தியில் நேராகப் போக வேண்டுமென்றால் ஹசார்டு லைட்டைப் போட்டுவிடுவார்கள். இடது பக்கம் திரும்ப இடது இண்டிகேட்டர், வலது பக்கம் திரும்ப வலது இண்டிகேட்டர், அப்படியானால் நேராகப் போக இரண்டும் சேர்த்து. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். நம் ஊரில் அது எதிரில் வருகிறவனுக்கும் புரிகிறது, அதனால் ஓடுகிறது. இங்கே அந்த விளக்கைப் பார்த்தால், வண்டி பழுதாகி நிற்கிறது அல்லது நிற்கப் போகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், "நேரா போறதுக்கு லைட்டே கிடையாதும்மா. சும்மா போ." மீறி அந்தச் சிவப்பு முக்கோணப் பட்டனுக்குக் கை போனால் கை மேல் ஒரு தட்டு விழும்.

என் வீட்டுக்காரருக்கும் இந்த வியாதி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. அவர் இங்கே வண்டி ஓட்டுவதில்லை. திருச்சியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கார் ஓட்டியவர். இங்கே வந்து டெஸ்ட் கொடுத்தார், பெயிலானார். மறுபடி கொடுத்தார், மறுபடியும் பெயில். அப்புறம் "எனக்கு இந்த ஊர் டிரைவிங்ல இன்ட்ரஸ்ட் இல்ல" என்று விட்டுவிட்டார். அந்த வருடம்தான் நான் இன்ஸ்ட்ரக்டர் கார்டு வாங்கினேன். அதன் பிறகு எங்கள் வீட்டில் கார் சாவி என் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கும்.

அவருக்கு அல் கூஸில் ஒரு கிடங்கில் ஸ்டோர் பொறுப்பாளர் வேலை. டியூட்டி முடிந்ததும் நான்தான் போய் அழைத்து வருவேன். அன்றைக்கும் அப்படித்தான். கிடங்குகளுக்கு நடுவே உள்ள ஒரு சாலை, சிக்னல் இல்லாத சந்திப்பு. நான் நேராகப் போக வேண்டும். எதிரே ஒரு வெள்ளை வண்டி இடது பக்கம் திரும்புவதற்காக, எனக்கு வழிவிட்டு நின்றுகொண்டிருந்தது. எல்லாம் சட்டப்படி. திடீரென்று டாஷ்போர்டில் டிக் டிக் என்று சத்தம். பார்த்தால் இரண்டு அம்புக்குறியும் மின்னுகிறது. என் வீட்டுக்காரரின் விரல் அந்த முக்கோணத்திலிருந்து அப்போதுதான் விலகிக்கொண்டிருந்தது.

"நேராத்தானே போறோம்" என்றார்.

திட்டுவதற்குக்கூட நேரமில்லை. நான் நிற்கப் போகிறேன் என்று நினைத்து அந்த வெள்ளை வண்டி திரும்பிவிட்டது. பிரேக்கை முழுசாக மிதித்தும், என் வண்டியின் மூக்கு அதன் வலது பின்கதவில் போய் இடித்தது. அதை ஓட்டியவர் ஓர் எகிப்துக்காரர். பின்சீட்டில் அவருடைய மாமியார். அந்த அம்மாளுக்கு மணிக்கட்டில் லேசான விரிசல். கீழே இறங்கி நான் முதலில் அவரிடம்தான் போனேன். அவர் அரபியில் திட்டியது என்னையா மருமகனையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போலீஸ் வந்தது. இடித்த பிறகு எல்லோரும் ஹசார்டு லைட் போடுவார்கள், அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த எகிப்துக்காரர், முன்னாடியே எரிந்தது என்று சொல்லிவிட்டார். போலீஸ்காரர் என்னைக் கேட்டார். "ஆமாம், எரிந்தது" என்றேன். எப்படி எரிந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தவறு என் மேல் என்று ரிப்போர்ட் வந்தது. அந்தப் போலீஸ்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதை வைத்து எழுதினார்.

வீட்டுக்குத் திரும்பியதும் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "இல்லைன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். எதுக்கு அரிச்சந்திரன் மாதிரி ஒத்துக்கிட்ட?"

"பட்டனை அமுக்குனது யாரு?"

"அமுக்கினேன். தப்புதான். அதுக்காகப் பொய் சொல்லக் கூடாதா?"

இப்படி ஒரு வாதத்துக்குப் பதில் சொல்ல நான் எந்த ஸ்கூலிலும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் எங்களுக்குள் "சாப்பாடு டேபிளில் இருக்கிறது", "பால் தீர்ந்துவிட்டது" என்ற அளவில்தான் பேச்சு.

ஆளுக்குக் காயம் என்பதால் கேஸ், போக்குவரத்துக் குற்றங்களைக் கவனிக்கும் டிராஃபிக் பிராசிக்யூஷனுக்குப் போயிற்று. அங்கே ஒரு சின்ன வயது அதிகாரி, அமீரகப் பெண், நல்ல ஆங்கிலம். என் ஃபைலைப் புரட்டிவிட்டு மிகவும் அன்பாகவே பேசினாள். தவறை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் ஓர் அபராதத்தோடு முடிந்துவிடும். லைசென்ஸில் கை வைக்க மாட்டார்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகும். அங்கே ஜட்ஜ் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. லைசென்ஸைச் சில மாதம் முடக்கலாம்.

"சைன் பண்ணுங்க சிஸ்டர், கலாஸ், முடிஞ்சுது" என்று பேனாவை நீட்டினாள்.

பேனாவை வாங்கிவிட்டேன். உண்மையாகவே வாங்கிவிட்டேன். மூடியைத் திறந்தவள் திரும்ப மூடினேன். யோசித்துச் சொல்ல அவகாசம் இருக்கிறதா என்றேன். சில நாள் இருக்கிறது என்றாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

யோசிக்க வேண்டிய விஷயம் இதுதான். என் இன்ஸ்ட்ரக்டர் கார்டைச் சீக்கிரத்தில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அப்போது பழைய ரெக்கார்டைப் பார்ப்பார்கள். காயம்பட்ட விபத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டவள் என்று இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் சூப்பர்வைசரைக் கேட்டேன். லெபனான்காரர், நல்ல மனுஷன். கன்னத்தை உப்பிக் காற்றை விட்டார். "சில நேரம் கண்டுக்க மாட்டாங்க. சில நேரம் கார்டு போயிடும்" என்றார். கோர்ட்டில் தோற்றால்? "அன்னைக்கே போயிடும்." ஆகக் கையெழுத்துப் போட்டால் கார்டு பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். சண்டை போட்டுத் தோற்றால் நிச்சயம் போகும். ஜெயித்தால் மட்டும்தான் முழுசாக மிஞ்சும்.

ஒரு வக்கீலுக்கு போன் செய்தேன். இந்தக் கேஸுக்கெல்லாம் வக்கீல் எதுக்கு, ஒத்துக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்றார். எங்கள் பில்டிங்கில் கேட்டவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். வெளிநாட்டில் வந்து கோர்ட்டு கேஸு என்று எதற்கு வம்பு என்பதுதான் எல்லோர் வாயிலும். இந்த ஊரில் நம் ஆட்களுக்கு அரசாங்கக் கட்டடத்தைப் பார்த்தாலே குரல் இறங்கிவிடும். தப்பு செய்யாதவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் போவான். என் வீட்டுக்காரர் அதில் முதல் வரிசை.

"கையெழுத்த போட்டுத் தொலையேன். அதை யாரு எடுத்துப் படிக்கப் போறா?"

"நான் படிப்பேன்ல?"

இது வீம்பு மாதிரி கேட்கும். கொஞ்சம் வீம்புதான், மறுக்கவில்லை. ஆனால் வேறு ஒன்றும் இருந்தது. எதிரே நேராக வருகிற வண்டி முழுசாகக் கடக்கும்வரை திரும்பக் கூடாது என்று நான் தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த விளக்கு எரிந்தாலும் சரி, வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். அந்த எகிப்துக்காரர் பார்க்கவில்லை. என் வண்டியில் எரியக் கூடாத விளக்கு எரிந்தது, அதற்கு அபராதம் கட்ட நான் தயார். மோதலுக்கு நான் காரணம் என்று எழுதிக் கொடுக்க மட்டும் தயாரில்லை. இரண்டையும் ஒரே கையெழுத்தில் கேட்டார்கள். அதுதான் எனக்கு ஒத்துவரவில்லை. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று பதில் அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய மறு நிமிடம் பயம் பிடித்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பயத்தை உட்கார வைத்து உபசரிக்கிற வழக்கம் என்னிடம் இல்லை. மோதிய வண்டிகளின் படங்களை எடுத்து வைத்தேன். இடி அவர் வண்டியின் பின்கதவில் விழுந்திருக்கிறது, அதாவது என் பாதையில் அவர் பாதிக்கு மேல் நுழைந்துவிட்டார். அந்தச் சாலையை ஒரு தாளில் வரைந்தேன். எங்கள் ஸ்கூல் கையேட்டில், திரும்புகிறவர் காத்திருக்க வேண்டும் என்ற பக்கத்தை எடுத்து வைத்தேன். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஆங்கிலத்தில் வாதாடிப் பார்த்தேன். வீட்டுக்காரர் அடுப்படி வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

விசாரணை வீடியோவில்தான். ஒரு லிங்க் அனுப்புவார்கள், அதைத் திறந்தால் கோர்ட். எங்கள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து, பின்னால் தெரியக்கூடிய காலண்டரைக் கழற்றி, நல்ல காட்டன் புடவை கட்டி உட்கார்ந்தேன். அன்றைக்கு வீட்டுக்காரர் லீவு போட்டிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேமராவுக்குத் தெரியாத இடத்தில், ஃபிரிட்ஜ் பக்கத்தில் நாற்காலி போட்டு, பனியனும் லுங்கியுமாக உட்கார்ந்திருந்தார்.

திரையில் ஜட்ஜ் ஒரு கட்டத்தில், மொழிபெயர்ப்பாளர் ஒரு கட்டத்தில். மொழிபெயர்ப்பாளர் பாலக்காட்டுப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல அவர் அரபியில் சொன்னார். படத்தைக் காட்டினேன், வரைந்ததைக் காட்டினேன், கையேட்டின் பக்கத்தைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வாதாடினேன். ஜட்ஜ் ஒரு தடவை தலைகூட ஆட்டினார்.

அப்புறம் கேட்டார். "வண்டியில் பழுது ஒன்றும் இல்லையே. பின்னே ஏன் ஹசார்டு லைட் போட்டீர்கள்?"

இதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். "வண்டியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் டிரைவர்தான் பொறுப்பு. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "பொறுப்பு யாருடையது என்று நான் கேட்கவில்லை. ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன்."

"நான் போடவில்லை."

"பின்னே யார் போட்டது?"

அத்தனை நாள் ஒத்திகை பார்த்ததில் இந்த இடம் வரவில்லை. விபத்து நடந்ததிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துச் சரியாகப் பேசவில்லை, ஆத்திரம் அவ்வளவு இருந்தது. ஆனாலும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் வாயால் அவரைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. சொன்னால் அவருக்கு என்ன ஆகும் என்றும் தெரியாது. சொல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பது தெரியும். ஜட்ஜ் காத்துக்கொண்டிருந்தார்.

ஃபிரிட்ஜ் பக்கம் நாற்காலி நகர்ந்தது. "ஒரு நிமிஷம் சார்" என்று ஒரு குரல். அதைத் தொடர்ந்து பெட்ரூமை நோக்கி ஓடும் சத்தம். மொழிபெயர்ப்பாளர் அதையும் கடமையாக அரபியில் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் லுங்கிக்கு மேல் ஆபீஸ் சட்டையை மாட்டிக்கொண்டு, பட்டனை ஒன்று மாற்றிப் போட்டபடி வந்து என் பக்கத்தில் நின்றார். ஜட்ஜுக்கு மரியாதை என்று நிமிர்ந்து வேறு நின்றார். திரையில் நீலக் கட்டம் போட்ட லுங்கி மட்டும் தெரிந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"யார் இவர்?"

"என் கணவர். அன்றைக்கு வண்டியில் இருந்தார்."

எமிரேட்ஸ் ஐடியைக் கேமராவில் காட்டச் சொன்னார்கள். கடவுள் பேரால் உண்மை சொல்வதாகச் சொல்ல வைத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் தொடங்கித் தடுமாறினார். "சார், தமிழ்ல பறஞ்ஞா மதி. எனிக்கு மனசிலாவும்" என்றார் மொழிபெயர்ப்பாளர். தமிழிலேயே சொன்னால் போதும், அவருக்குப் புரியுமாம்.

"நான்தான் சார் அமுக்குனேன். அவ அமுக்கல. எங்க ஊர்ல நேரா போறதுக்கு ரெண்டு பக்கமும் போடுவோம், அந்தப் பழக்கம்."

"உங்களுக்கு இங்கே லைசென்ஸ் இருக்கிறதா?"

"இல்ல சார். டெஸ்ட் கொடுத்தேன். பெயிலாயிட்டேன். திரும்பக் கொடுக்கவும் தைரியம் வரல."

இன்ட்ரஸ்ட் இல்லை என்றுதான் இத்தனை வருடமாக என்னிடம் சொன்னார். நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜட்ஜ் விடவில்லை. "உங்கள் மனைவி டிரைவிங் சொல்லிக்கொடுப்பவர். எது எப்போது போட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா? நீங்கள் ஏன் கையை நீட்டினீர்கள்?"

மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொன்ன பிறகு வீட்டுக்காரர் மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"ஊர்ல நான்தான் சார் ஓட்டுவேன். வீட்ல எல்லாரையும் நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன். இங்க தினம் அவ வந்து கூட்டிக்கிட்டுப் போறா. நான் பக்கத்துல சும்மா உக்காந்து வர்றேன். நல்லாத்தான் ஓட்டுறா, குறை ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. ஒரு பட்டனாவது நம்ம அமுக்குவோமேன்னு தோணிடுச்சு."

மொழிபெயர்ப்பாளர் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி அரபியில் சொன்னார். அந்த மொழி எனக்கு அவ்வளவாகப் புரியாது. ஆனால் அவர் எதையும் விட்டுவிடாமல் சொன்னார் என்று தெரிந்தது.

பக்கத்து சீட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன், என் வாழ்க்கையே அங்கேதான் ஓடுகிறது. ஆனால் என் ஸ்கூல் வண்டியில் என் காலுக்கடியிலும் ஒரு பிரேக் உண்டு. பிடிக்கவில்லை என்றால் மிதிப்பேன், வண்டி நிற்கும். இவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. அது ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று ஜட்ஜ் என்னைக் கேட்டார். பெரிய முடிவுரை ஒன்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. "அவர் சொன்னது உண்மை. அந்த விளக்குக்கான அபராதத்தை நான் கட்டுகிறேன். மோதலுக்கு நான் காரணம் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

ஜட்ஜ் எதையோ எழுதினார். எனக்குப் பின்னால் சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு தீர்ப்பைச் சொன்னார். மோதலில் என் மேல் குற்றம் இல்லை. தேவையில்லாமல் ஹசார்டு லைட் எரிந்ததற்கு அபராதம். பக்கத்தில் இருப்பவர் இனிமேல் கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லும்போது சிரித்துவிட்டார்.

திரை அணைந்தது. என் கார்டு பிழைத்துவிட்டது. வக்கீல் இல்லாமல் நானே வாதாடி, நீட்டிய பேனாவைத் திருப்பிக் கொடுத்து ஜெயித்திருக்கிறேன். எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. மாற்றிப் போட்ட பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டிருந்தார், இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

"ஏங்க, இதையெல்லாம் என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"ஏன் அமுக்குனன்னு ஜட்ஜ் கேட்டாரு. யாரு அமுக்குனதுன்னுதான் நீ கேட்ட."